வேகமாக அடித்தால் ரேஜ் வேகமாக நிறையுமா?

கேள்வி இதுதான். கேட்டவர் ஓர் ஆன்லைன் ஆர்பிஜியில் (ஒரு பாத்திரமாக ஆடும் கேமில்) வார்ரியர், அதாவது போர்வீரன், ஆடுகிறார். ரேஜ் என்பது வார்ரியர் அடிக்க அடிக்கச் சேர்ந்து ஸ்கில்களுக்குச் செலவாகும் புள்ளிக் கணக்கு, இப்படிப்பட்டதைத்தான் கீழே ஆதாரம் என்கிறேன். கையில் இரண்டு ஆயுதங்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் டிபிஎஸ் (விநாடிக்கு விழும் டேமேஜ்) கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஒன்று 1.8 விநாடிக்கு ஒருமுறை அடிக்கும், இன்னொன்று 3.6 விநாடிக்கு ஒருமுறை. வேகமானதை எடுத்தால் ரேஜ் சீக்கிரம் நிறையுமா? அவருடைய கில்டில் (ஆட்டக் குழுவில்) பாதிப் பேர் ஆமாம் என்கிறார்களாம், மீதிப் பேர் சிரிக்கிறார்களாம்.

சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலும் ஆயுதத்தை மாற்றுவதால் நிறையாது, ஹேஸ்ட் (அடிக்கும் வேகத்தைக் கூட்டும் பலன்) ஏற்றினால் நிறையும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு பேசுவதால்தான் இந்த வாக்குவாதம் முடிவதே இல்லை. மெதுவான ஆயுதம் என்பது ஒரு பெரிய அடி, வேகமான ஆயுதம் என்பது அதையே இரண்டாக உடைத்துக் கொடுப்பது. ஹேஸ்ட் அப்படியில்லை, அடியின் அளவைக் குறைக்காமல் அடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மட்டும் சுருக்குகிறது. முதலாவதில் மொத்தம் மாறாது, இரண்டாவதில் மாறும். ஆனால் இந்தப் பதில் எல்லா கேமுக்கும் பொருந்தாது, ஏன் என்பதுதான் சுவாரஸ்யமான பகுதி.

ரேஜ், எனர்ஜி, டிபி, அட்ரினலின், அல்டிமேட் என்று எந்தப் பெயர் வைத்திருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அது எங்கிருந்து வருகிறது என்பதை. அடித்த டேமேஜிலிருந்து வருகிறதா, அடிகளின் எண்ணிக்கையிலிருந்தா, ஆயுதத்தின் அடிப்படை வேகத்திலிருந்தா, இல்லை கடிகாரம் ஓடினாலே வருகிறதா? இது தெரியாமல் வேகத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டை எடுத்துக்கொள்வோம், இந்த விஷயத்தில் அவர்கள் செய்து பார்க்காத முறையே கிடையாது. 2004-இல் வெளிவந்தபோது ரேஜ் முழுக்க டேமேஜிலிருந்து வந்தது. 60-ஆம் லெவலில் கணக்கு இப்படி: ஆட்டோ அட்டாக்கில் (பட்டன் அழுத்தாமலே தானாக நடக்கும் அடியில்) விழுந்த டேமேஜை 7.5-ஆல் பெருக்கி 230.6-ஆல் வகுத்தால் கிடைப்பது ரேஜ். 3.6 விநாடி கோடாரியால் 600 டேமேஜ் விழுந்தால் 19.5 ரேஜ். அதே டிபிஎஸ் உள்ள 1.8 விநாடி ஆயுதம் 300 அடிக்கும், அதற்கு 9.8. ஆனால் அதே 3.6 விநாடிக்குள் அது இரண்டு முறை அடித்துவிடும், ஆக அதே 19.5. சிரித்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

காகிதத்தில் அவ்வளவுதான், விளையாடும்போது அப்படியே நடப்பதில்லை. ரேஜ் பாரின் உச்சம் 100. உங்களிடம் 85 இருக்கும்போது கோடாரி 1200-க்கு ஒரு கிரிட் (இரட்டை டேமேஜ் அடி) அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 39 ரேஜ் வர வேண்டும், 15-க்குத்தான் இடம், 24 காற்றில் போய்விடுகிறது. வேகமான ஆயுதத்தின் கிரிட் 600, அதற்கு 19.5 ரேஜ், வீணாவது நாலரைதான். அடுத்த அடி விழுவதற்குள் ஏதாவது பட்டனை அழுத்திப் பாரைக் காலி செய்யவும் நேரம் இருக்கும். இதன் மறுபக்கமும் உண்டு. கோடாரி ஒருமுறை மிஸ் ஆகி, அடுத்ததை எதிரி டாட்ஜ் செய்து விலகிவிட்டால் 7.2 விநாடி கையில் ஒன்றுமே வராது. பாஸ் (பெரிய எதிரி) சண்டையின் தொடக்கத்தில், பார் காலியாக இருக்கும்போது இப்படி ஆனால் சும்மா நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். சராசரி ஒன்றாக இருந்தாலும் வேகமான ஆயுதத்தின் வரவு சீராக இருக்கும், மெதுவானதின் வரவு குதித்துக் குதித்து வரும். வேகமானதை எடுத்தவர்கள் ரேஜ் அதிகம் வருவதாக உணர்வதற்கு இந்தச் சீர்தான் பெரும்பாலும் காரணம் என்பது என் கணிப்பு.

இரண்டு கையிலும் ஆயுதம் எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். அங்கே ஆட்டோ அட்டாக்குக்கு மிஸ் ஆகும் வாய்ப்பு கூடுதலாக 19 சதவீதம், தவிர இடது கை அடியின் டேமேஜும் பாதிதான், டேமேஜிலிருந்துதான் ரேஜ் என்பதால் ரேஜும் பாதி. அடி எண்ணிக்கை இரட்டிப்பானது போலத் தெரியும், ரேஜ் இரட்டிப்பாகாது. அதனால்தான் அந்தக் காலத்து வார்ரியர்கள் ஹிட் சதவீதத்துக்கு (அடி தவறாமல் படும் வாய்ப்புக்கு) அப்படி அலைந்தார்கள்.

இங்கேயே கொஞ்சம் நிற்க வேண்டும், ஹீரோயிக் ஸ்ட்ரைக் என்று ஒரு வார்ரியர் ஸ்கில் இருக்கிறது, அதன் கணக்கைப் பலர் தப்பாகவே போடுகிறார்கள். அந்த நாளில் அது உடனே அடிக்கும் ஸ்கில் இல்லை. அழுத்தினால் அடுத்த ஆட்டோ அட்டாக் அதுவாக மாறிவிடும். திரையில் வெள்ளை எண்ணாக வர வேண்டிய அடி மஞ்சளாக வரும், மஞ்சள் அடிக்கு ரேஜ் கிடையாது. எழுதியிருக்கும் விலை 15 ரேஜ். உண்மையான விலை 15-உடன் அந்த வெள்ளை அடி கொண்டுவந்திருக்க வேண்டிய ரேஜும் சேர்ந்தது. மேலே உள்ள கோடாரிக்கு 15-உம் 19.5-உம் சேர்ந்து 34.5. வேகமான ஆயுதத்துக்கு 24.8. ஒவ்வொரு அடிக்கும் இதை அழுத்திக்கொண்டே இருந்தால் கோடாரிக்காரர் நிமிடத்துக்கு 16 அல்லது 17 முறை, மொத்தம் சுமார் 575 ரேஜ் செலவு. வேகமான ஆயுதக்காரர் 33 முறை, மொத்தம் 825-ஐ ஒட்டி. ஹீரோயிக் ஸ்ட்ரைக் சேர்க்கும் கூடுதல் டேமேஜும் எதிரியைத் தன் பக்கம் இழுக்கும் திரெட்டும் ஒரு முறைக்கு இவ்வளவு என்று நிலையானவை, ஆயுதம் வேகமா மெதுவா என்று அது பார்ப்பதில்லை. ஆக ரேஜ் கொட்டிக் கிடக்கும் டேங்குக்கு (குழுவுக்காக அடி வாங்குபவருக்கு) வேகமான ஒற்றைக்கை ஆயுதம் பிடித்துப்போனது ரேஜ் வரவுக்காக அல்ல, செலவுக்காக. அடி வாங்குவதிலேயே அவருக்குப் போதுமான ரேஜ் வந்துவிடும், அதை எவ்வளவு சீக்கிரம் திரெட்டாக மாற்றுவது என்பதுதான் அவர் கவலை.

அடி வாங்கி வரும் ரேஜும் டேமேஜ் கணக்குதான், வாங்கிய டேமேஜை 2.5-ஆல் பெருக்கி அதே 230.6-ஆல் வகுக்க வேண்டும், 1000 வாங்கினால் 11-க்குக் கொஞ்சம் குறைவு. அப்புறம் ஒரு வேடிக்கை: தண்டர் கிளாப் ஸ்கில் போட்டு எதிரியின் வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் டேங்கின் உயிருக்கு நல்லது, ஆனால் அடி குறைவதால் அவருடைய ரேஜ் வரவும் குறையும். வேகம் என்றதும் எல்லாரும் தங்கள் கையைத்தான் பார்க்கிறார்கள், எதிரியின் கையையும் பார்க்க வேண்டும். அதே மாதிரி நீங்கள் எதிரியின் அடியை பாரி செய்தால் (ஆயுதத்தால் தடுத்தால்) உங்கள் அடுத்த ஸ்விங் (வீச்சு) 40 சதவீதம் வரை முன்னால் வந்துவிடும், அதுவும் ஒருவகை வேகம்தான், அதற்கும் ரேஜ் உண்டு.

இந்த டேமேஜ் முறையில் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. நல்ல கியர் (ஆயுதமும் கவசமும்) வந்துவிட்டால் டேமேஜ் ஏறும், டேமேஜ் ஏறினால் ரேஜும் ஏறும், ரேஜ் ஏறினால் மறுபடியும் டேமேஜ். புதிதாக வந்தவர் ரேஜ் இல்லாமல் தவிப்பார், பழையவர் செலவழிக்க வழி தெரியாமல் பட்டனை நசுக்கிக்கொண்டிருப்பார். 2007-இல் வந்த பர்னிங் குருசேட் விரிவாக்கத்தை ஒட்டி இதைச் சமன் செய்தார்கள். 70-ஆம் லெவலில் டேமேஜின் பங்கு பாதியாகக் குறைந்தது, மீதி பாதி இடத்துக்கு ஆயுதத்தின் வேகம் நேரடியாக உள்ளே வந்தது. வலது கைச் சாதாரண அடிக்கு ஆயுதத்தின் வேகத்தை (அடிகளுக்கு நடுவே உள்ள விநாடிகளை) 3.5-ஆல் பெருக்கிப் பாதியாக்க வேண்டும், கிரிட் என்றால் 3.5-க்குப் பதில் 7, இடது கைக்கு இவற்றில் பாதி. 3.6 விநாடி ஆயுதத்துக்கு இந்தப் பகுதி மட்டும் 6.3 ரேஜ், 1.8 விநாடி ஆயுதத்துக்கு 3.15. விநாடிக் கணக்கில் பார்த்தால் மறுபடியும் சமம். வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள், வேகமான ஆயுதம் சும்மா லாபம் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வேகக் குணகமே.

2010-இல் கேட்டகிளிசம் வந்தபோது டேமேஜை முழுக்கத் தூக்கிவிட்டார்கள். வலது கை அடிக்கு ஆயுதத்தின் அடிப்படை வேகத்தை 6.5-ஆல் பெருக்கினால் ரேஜ். 3.6-க்கு 23.4, 2.6-க்கு 16.9, எந்த ஆயுதம் எடுத்தாலும் விநாடிக்கு ஆறரை. இங்கே அடிப்படை என்கிற இடம்தான் முக்கியம். உங்களிடம் 20 சதவீதம் ஹேஸ்ட் இருந்தால் 3.6 விநாடி ஆயுதம் 3 விநாடிக்கு ஒருமுறை அடிக்கும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் பழைய 23.4 அப்படியே வரும். விநாடிக்கு ஆறரை இருந்தது 7.8 ஆகிவிட்டது, சரியாக 20 சதவீதம். ஆயுதத்தை மாற்றினால் பூஜ்யம், ஹேஸ்ட் ஏற்றினால் முழுப் பலன் என்று நான் மேலே சொன்னது இதிலேயே அப்பட்டமாகத் தெரியும்.

ஹேஸ்ட் கியரிலிருந்து மட்டும் வருவதில்லை. பழைய ஃப்ளரி டேலண்டில் (டேலண்ட் என்பது புள்ளி போட்டு எடுக்கும் சிறப்புத் திறன்) கிரிட் அடித்தால் அடுத்த 3 ஸ்விங்குகள் 30 சதவீதம் வேகம். கிரிட்டுக்கே கூடுதல் ரேஜ், அதன்மேல் அடுத்த மூன்று அடிகளும் சீக்கிரம் வரும். ரேஜ் பில்டுகளில் (ரேஜை மையமாக வைத்த கியர், டேலண்ட் அமைப்புகளில்) கிரிட்டுக்கு இவ்வளவு மதிப்பு வந்தது இந்த இரட்டைப் பலனால்தான்.

சரி, இப்போது ஆமாம் என்று சொன்ன பாதிப் பேரிடம் வருவோம். அவர்கள் சொல்வது முழுக்கப் பொய்யில்லை, அவர்கள் வேறொரு முறையை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். ஒரு அடிக்கு இவ்வளவு என்று நிலையாகக் கொடுக்கும் இடங்களில் வேகமான ஆயுதம்தான் ராஜா. அதே பழைய வார்கிராஃப்டில் அன்பிரைடில்டு ராத் என்று ஒரு டேலண்ட் இருந்தது, ஐந்து புள்ளி போட்டால் ஒவ்வோர் ஆயுத அடிக்கும் 40 சதவீதம் வாய்ப்பில் 1 ரேஜ் கூடுதல். ஆயுதத்தின் வேகத்தை அது கண்டுகொள்ளவில்லை. 1.8 விநாடி ஆயுதம் நிமிடத்துக்கு 33 முறை அடித்து 13 ரேஜ் பார்த்துவிடும், 3.6 விநாடி ஆயுதத்துக்கு அதில் பாதி. தொகை சிறியதுதான், ஆனால் இப்படிப்பட்ட நிலையான வாய்ப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ரோக் (எனர்ஜியில் ஓடும் இன்னொரு வகைப் பாத்திரம்) ஆடுபவர்கள் இடது கையில் வேகமான ஆயுதம் வைத்ததும் இதற்குத்தான். பர்னிங் குருசேட் காலத்தில் காம்பாட் பொட்டன்சி டேலண்டை முழுதாக எடுத்தால் இடது கை அடிக்கு 20 சதவீதம் வாய்ப்பில் 15 எனர்ஜி. அடி எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீட்டு குலுக்கல். வலது கையில் மட்டும் மெதுவான ஆயுதம், ஏனென்றால் எனர்ஜி கொடுத்து அடிக்கும் ஸ்கில்கள் அந்த ஆயுதத்தின் டேமேஜைத்தான் எடுத்துக்கொள்ளும், அங்கே அடி பெரியதாக இருக்க வேண்டும். ஒரே ஆளின் இரண்டு கைகளில் நேர்மாறான இரண்டு விடைகள், இரண்டும் சரி.

கேம் உருவாக்குபவர்களுக்கு இந்த ஓட்டை தெரியாமல் இல்லை. அதை அடைக்கத்தான் பிபிஎம் வந்தது, நிமிடத்துக்கு எத்தனை முறை ஒரு புராக் (வாய்ப்பில் வரும் கூடுதல் பலன்) நடக்க வேண்டும் என்று முதலில் தீர்மானித்துவிட்டு அதிலிருந்து ஓர் அடிக்கான வாய்ப்பைக் கணக்கிடுவது. பிபிஎம்-ஐ ஆயுதத்தின் வேகத்தால் பெருக்கி 60-ஆல் வகுத்தால் வாய்ப்பு. நிமிடத்துக்கு 1 என்று வைத்தால் 3.6 விநாடி ஆயுதத்துக்கு 6 சதவீதம், 1.8-க்கு 3 சதவீதம், நிமிடத்துக்குப் பார்த்தால் இரண்டுமே ஒன்றுதான். இங்கேயும் பழைய கதைதான், ஆயுத வேகத்துக்குச் சலுகை இல்லை, ஹேஸ்டுக்கு உண்டு. ஆனால் ஒரு இடுக்கு: ஆட்டோ அட்டாக்குக்கு வெளியே ஸ்கில்களும் புராக்கைக் கிளப்ப முடிகிற கேமில், பிபிஎம் இருந்தால் மெதுவான ஆயுதத்துக்கு லாபம். ஓர் அடிக்கான வாய்ப்பு அதற்குத்தானே அதிகம், ஸ்கில் அடிகளோ ஆயுத வேகத்தைப் பார்க்காமல் இருவருக்கும் ஒரே எண்ணிக்கையில் விழும்.

அடி எண்ணிக்கை முறையைச் சுத்தமாகப் பார்க்க வேண்டுமென்றால் 2005-இல் வந்த முதல் கில்டு வார்ஸ்தான். அங்கே வார்ரியருக்கு அட்ரினலின். ஓர் அடி பட்டால் ஒரு புள்ளி, டேமேஜ் எவ்வளவு என்பது பேச்சே இல்லை. கோடாரி 1.33 விநாடிக்கு ஓர் அடி, எவிசரேட் ஸ்கில்லுக்கு 8 அடி வேண்டும், ஆக 10.6 விநாடி. 33 சதவீத வேகம் கொடுக்கும் ஃப்ரென்ஸி மாதிரியான ஸ்டான்ஸ் (சிறிது நேரம் நீடிக்கும் நிலை) போட்டால் இடைவெளி 0.89 ஆகி, 7 விநாடிக்குக் கொஞ்சம் மேலேயே எவிசரேட் தயார். சுத்தியல் 1.75 விநாடி, அதே 8 அடிக்கு 14 விநாடி. இங்கே வேகம் கேட்டதைக் கொடுத்துவிடும், அதனால்தான் அதற்கு விலையும் போட்டிருக்கிறார்கள். ஃப்ரென்ஸி ஓடும்போது நீங்கள் வாங்கும் டேமேஜ் இரட்டிப்பு, ஃபிளெய்ல் ஸ்டான்ஸ் என்றால் நடை 33 சதவீதம் மெதுவாகும். வேகத்துக்கு 33 சதவீதம் என்று உச்சவரம்பும் உண்டு. எண்ணிக்கை முறையை வைத்த எந்த கேமும் வேகத்தைத் தாராளமாக விட முடியாது, விட்டால் சமநிலை போய்விடும்.

இதைவிட நுணுக்கமாக யோசித்தது 2002-இல் ஜப்பானில் வெளிவந்த ஃபைனல் ஃபேன்டசி லெவன். எனக்குத் தெரிந்து வேகத்துக்கும் ஆதாரத்துக்கும் உள்ள உறவை இவ்வளவு வெளிப்படையாக வைத்து ஆட வைத்த கேம் குறைவு. அங்கே ஆதாரத்தின் பெயர் டிபி, பழைய அளவில் 100 சேர்ந்தால் வெப்பன் ஸ்கில் என்னும் பெரிய அடி. ஆயுதத்துக்கு டிலே என்று ஓர் எண் உண்டு, 60 டிலே ஒரு விநாடி. டிலே அதிகமானால் ஓர் அடிக்கான டிபியும் அதிகம், 450 டிலே உள்ள பெரிய கட்டானாவுக்கு (ஜப்பானிய வாளுக்கு) 11.5. சும்மா அடித்தால் 9 அடி வேண்டும். ஸ்டோர் டிபி கியர் சேர்த்தால் ஓர் அடிக்கான டிபி ஏறும். ஸ்டோர் டிபி 45 (அதாவது 45 சதவீதம் கூடுதல்) இருந்தால் 16.6, ஆறு அடிக்கு 99.6, அந்தப் புள்ளி நாலுக்காக ஏழாவது அடி அடிக்க வேண்டும். 46 ஆக்கினால் 16.7, ஆறு அடிக்கு 100.2, முடிந்தது. 40-லிருந்து 45 வரை ஏற்றியதில் அடி எண்ணிக்கையில் ஒரு பயனும் இல்லை, கடைசி ஒரு புள்ளியில்தான் எல்லாம். சாமுராய் ஆடுபவர்கள் ஆறு அடி பில்டு, ஐந்து அடி பில்டு என்று பேசிக்கொள்வது இதைத்தான். வெப்பன் ஸ்கில்லின் முதல் அடியே கொஞ்சம் டிபி கொண்டுவரும் என்பதால் ஆறு அடி பில்டில் நடுவே ஐந்து சாதாரண அடி போதும்.

அந்த கேமில் வேகம் இரண்டு வகை, இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஹேஸ்ட் மந்திரமோ ஹேஸ்ட் கியரோ இடைவெளியைக் குறைக்கும், ஓர் அடிக்கான டிபியைத் தொடாது. டுயல் வீல்டு டிரெய்ட் (இரண்டு கையிலும் ஆயுதம் பிடிக்கும் திறன்) டிலேயையே குறைக்கிறது, டிலே குறைந்தால் டிபியும் குறையும். 200 டிலே உள்ள இரண்டு ஆயுதங்கள் வைத்திருக்கிறீர்கள். டிரெய்ட் இல்லாமல் பார்த்தால் ஒரு சுற்று 400, அதாவது 6.67 விநாடி, ஒவ்வொரு கைக்கும் 5.4, விநாடிக்கு 1.62 டிபி. டுயல் வீல்டு 35 சதவீதம் வந்தால் சுற்று 4.33 விநாடி, ஆனால் ஓர் அடிக்கு 4.5 ஆகிவிடுகிறது, விநாடிக்கு 2.08. அதே 35 சதவீதத்தை ஹேஸ்டாக வாங்கியிருந்தால் 5.4 அப்படியே நின்று விநாடிக்கு 2.49. வேகம் இரண்டிலும் ஒன்றுதான், வரவில் இவ்வளவு வித்தியாசம்.

இன்னொன்றும் உண்டு, புதிதாக வருபவர்கள் கவனிக்காதது. நீங்கள் அடித்தால் எதிரிக்கும் டிபி ஏறும். 5.4-இல் நூறைத் தொட 19 அடி, 4.5-இல் 23 அடி. நாலு அடி கூட அடித்து எதிரியின் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறீர்கள். அதைத் தணிக்க சட்டில் புளோ என்று தனி ஸ்டாட்டே வைத்திருக்கிறார்கள். வேகத்தால் எதிரிக்கும் ஆதாரம் போகும் என்கிற இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும், மற்ற கேம்கள் ஏன் இதை எடுத்துக்கொள்ளவில்லை என்று தெரியவில்லை.

சதவீதம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்காமல் விடாதீர்கள். வார்கிராஃப்டில் ஹேஸ்ட் இடைவெளியை வகுக்கும், 100 சதவீதம் ஏற்றினால்தான் வேகம் இரட்டிப்பு. ஃபைனல் ஃபேன்டசி லெவனில் ஹேஸ்ட் இடைவெளியிலிருந்து கழியும், 50 சதவீதத்திலேயே இரட்டிப்பு. கழிக்கும் முறையில் கடைசிப் புள்ளிகளுக்குத்தான் மதிப்பு அதிகம். 75 சதவீதத்தில் நூறுக்கு 25 மிச்சம், 80-இல் 20 மிச்சம், வெறும் 5 புள்ளியில் அடிகள் 25 சதவீதம் கூடிவிடுகின்றன. அங்கே மொத்தக் குறைப்புக்கு 80 சதவீதம் என்று வரம்பு போட்டிருப்பது சும்மா இல்லை. ராக்னராக் ஆன்லைனில் அடிக்கும் வேகத்தைக் காட்டும் ஏஎஸ்பிடி எண்ணுக்கும் இதே குணம்தான், 200-லிருந்து ஏஎஸ்பிடியைக் கழித்து, வரும் எண்ணால் 50-ஐ வகுத்தால் விநாடிக்கு எத்தனை அடி என்று கிடைக்கும். 180-இல் இரண்டரை அடி, 185-இல் 3.3, 190-இல் 5. முதல் ஐந்து புள்ளிக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, அடுத்த ஐந்துக்குப் பாதி கூடுகிறது.

கடிகாரத்தில் வரும் ஆதாரங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய வார்கிராஃப்டில் ரோக்கின் எனர்ஜி 2 விநாடிக்கு 20, நீங்கள் அடித்தாலும் சும்மா நின்றாலும் அதே. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் லைட் அட்டாக் (சாதாரண அடி) ஒன்று பட்டால் சில விநாடிகளுக்கு விநாடிக்கு 3 அல்டிமேட் (பெரிய ஸ்கில்லுக்கான ஆதாரம்) ஓடிக்கொண்டிருக்கும், அதற்குள் இன்னும் பத்து முறை அடித்தாலும் அது கூடாது, தொடர்பு அறாமல் பார்த்துக்கொண்டால் போதும். இப்படிப்பட்ட இடத்தில் அல்டிமேட்டுக்காக வேகம் ஏற்றுவது வீண்.

வீண் மட்டுமல்ல, சில சமயம் நஷ்டமும்கூட. ஃபைனல் ஃபேன்டசி ஃபோர்ட்டீன் 2013-இல் மறுபடி வெளிவந்தபோது அங்கேயும் டிபி இருந்தது, ஆனால் தலைகீழ்: 1000-உடன் தொடங்கிச் செலவழிக்க வேண்டும், 3 விநாடிக்கு 60 திரும்ப வரும், அதாவது விநாடிக்கு 20. வெப்பன் ஸ்கில்களுக்கு 60, 70 என்று விலை, 2.5 விநாடிக்கு ஒன்று அழுத்தலாம். 60 என்றே வைத்தாலும் விநாடிக்கு 24 செலவு, ஏற்கெனவே பற்றாக்குறை. இதில் ஸ்கில் ஸ்பீடு ஏற்றினால் செலவு மட்டும் ஏறும், வரவு அப்படியே நிற்கும். நீண்ட சண்டையில் வேகமான ஆள்தான் முதலில் மூச்சு வாங்குவார். 2019-இல் ஷேடோபிரிங்கர்ஸ் விரிவாக்கத்தில் அந்த டிபியையே எடுத்துவிட்டார்கள், அதற்காக அழுதவர்களை நான் பார்க்கவில்லை.

டயாப்ளோ 3-இல் இது இரு பக்கமும் வெட்டும். ஆதாரம் தரும் ஸ்கில் ஓர் அடிக்கு இவ்வளவு தரும், செலவழிக்கும் ஸ்கில் ஓர் அடிக்கு இவ்வளவு எடுக்கும், அட்டாக் ஸ்பீடு இரண்டையும் வேகப்படுத்தும். நிரப்பவும் சீக்கிரம், காலியாகவும் சீக்கிரம். விகிதம் மாறாது, ஒரு சுற்று சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். செலவழிக்கும் ஸ்கில்லையே பிடித்து வைத்திருக்கும் பில்டில் மட்டும் இது வலிக்கும், அங்கே முதலில் ஸ்கில் விலையைக் குறைக்கும் கியரைத் தேடிவிட்டு அப்புறம் வேகத்துக்குப் போக வேண்டும். கூடவே இதையும் தெரிந்துகொள்ளுங்கள், டயாப்ளோ 2 மாதிரி விநாடிக்கு 25 ஃபிரேமில் ஓடும் கேமில் வேகம் தொடர்ச்சியாக ஏறாது. அடி இத்தனை ஃபிரேம் என்று முழு எண்ணில்தான் இருக்க முடியும், அடுத்த படிக்குப் போதாத வேகம் கியரில் எழுதியிருந்தாலும் கையில் வராது. மானா லீச்சை (அடித்து மானா என்னும் ஆதாரத்தைப் பெறுவதை) நம்பி வேகம் ஏற்றுபவர்கள் படி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

செலவுப் பக்கத்தின் இன்னொரு முனை ஜிசிடி, அதாவது ஒரு ஸ்கில்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே கட்டாயமாகக் காத்திருக்கும் நேரம். இன்றைய வார்கிராஃப்ட் வார்ரியருக்கு ஹேஸ்ட் ஆட்டோ அட்டாக்கையும் வேகப்படுத்தும், ஜிசிடியையும் சுருக்கும், வரவும் செலவும் சேர்ந்து ஓடுவதால் ஆட்டத்தின் உருவம் மாறாமல் வேகம் மட்டும் கூடும். ரோக்குக்கு ஜிசிடி 1 விநாடியில் நின்றுவிடும். அங்கே ஹேஸ்டால் எனர்ஜி ஏற ஏற முதலில் காத்திருக்கும் நேரம் குறையும், அது தீர்ந்த பிறகு பார் நிரம்பி வழிய ஆரம்பிக்கும், அந்த இடத்துக்குப் பிறகு ஹேஸ்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் எனர்ஜிக்கான பங்கு வீண்.

ஆக உங்கள் கேமில் எது நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இன்னொருவர் வார்த்தையை நம்ப வேண்டாம். பயிற்சி பொம்மை ஒன்றின் முன்னால் போய் எல்லா பஃப்பையும் (தற்காலிகப் பலன்களையும்) எடுத்துவிட்டு, ஸ்கில் எதையும் தொடாமல் ஆட்டோ அட்டாக்கை மட்டும் ஓட விடுங்கள். காம்பாட் லாகில் (சண்டைப் பதிவில்) ஓர் அடிக்கு எவ்வளவு வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், கிரிட்டைத் தனியாக. ஒரே ஆயுதத்தில் சின்ன அடிக்கும் பெரிய அடிக்கும் வரவு மாறினால் டேமேஜ் கணக்கு. மாறவில்லை என்றால் ஆயுதத்தை மாற்றிப் பாருங்கள். புது ஆயுதத்திலும் ஓர் அடிக்கு அதே எண் வந்தால் எண்ணிக்கை முறை, வேகமானதை எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். வேகத்துக்கு ஏற்ற விகிதத்தில் எண் மாறினால் ஆயுதம் எதுவானாலும் ஒன்றுதான். அதன்பிறகு ஹேஸ்ட் பஃப் ஒன்றைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள், ஓர் அடிக்கான எண் குறையாமல் நின்றால் ஹேஸ்டுக்குப் பணம் போடலாம், அதுவும் சேர்ந்து குறைந்தால் டுயல் வீல்டு மாதிரி ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். கடைசியாக உண்மையான சண்டை ஒன்றை ரெக்கார்டு செய்து பாரை மட்டும் பாருங்கள். பட்டன் தயாராக இருந்தும் ரேஜ் இல்லாமல் நின்ற நேரம் அதிகமா, இல்லை 100-இல் முட்டிக்கொண்டு நின்ற நேரம் அதிகமா? இரண்டாவது என்றால் வேகத்தை விட்டுவிட்டு அந்தப் புள்ளிகளை டேமேஜில் போடுங்கள்.